நினைவுத் தூணுக்குப் போகும் இருபத்தோரு அடி

போன வாரம் இளம் பொறியாளர்களான உங்களில் ஒருவர் என்னைப் போனில் அழைத்தீர்கள். ஒரு பள்ளிக்கூட வாசலில் சக்கர நாற்காலி ஏறுவதற்குச் சாய்தளம் போட வேண்டும், இடம் பற்றாது, கொஞ்சம் செங்குத்தாகப் போட்டுவிட்டால் யார் மேடம் டேப் பிடித்துப் பார்க்கப்போகிறார்கள் என்று கேட்டீர்கள். நான் பதில் சொல்லாமல் போனை வைத்துவிட்டேன். உங்கள் மேல் கோபம் இல்லை. ஏறக்குறைய இதே கேள்வியை நானும் ஒரு தடவை கேட்டிருக்கிறேன். பிறகு நடந்ததைப் போனில் சொல்ல எனக்கு வராது. அதனால் உங்கள் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்கு: நான் வியாசர்பாடிக் குடியிருப்பில் பிறந்தவள். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். சிவில் டிப்ளமோ முடித்து எனக்குப் பொறியாளராக அரசு வேலை கிடைத்தபோது அந்த நியமன ஆணையைச் சட்டம் போட்டு, வீட்டில் புத்தர் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார்கள். அன்றிலிருந்தே இந்த வேலைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம் எனக்கு உண்டு. சைட்டில் எல்லோரும் சாப்பிட உட்காரும்போது நான் மட்டும் எழுந்து போய், கான்கிரீட்டைத் தாங்கும் சென்டரிங் முட்டுகளை இன்னொரு தடவை தட்டிப் பார்த்துவிட்டு வருவேன். மேஸ்திரிகள் சிரிப்பார்கள். பயந்தவள் தப்பு செய்ய மாட்டாள் என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன். பயத்தாலேயே ஒரு தப்பைச் செய்ய முடியும் என்று எனக்குத் தெரிந்தபோது ஓய்வு பெற இரண்டரை வருடம் இருந்தது.

இடம் எண்ணூர்க் கழிமுகம். நெட்டுக்குப்பத்தைத் தாண்டி ஒரு மீனவர் குப்பம். ஊர்ப் பெயர் வேண்டாம். ஒரு பக்கம் கன்டெய்னர் லாரிகள் போகும் ரோடு, இன்னொரு பக்கம் கழி. இரண்டுக்கும் நடுவில், மூன்றரை அடி உயர மேடையின் மேல் ஒரு தூண் நிற்கிறது. குப்பத்து ஆட்கள் அதை 'ஜெர்மன் சண்டைத் தூண்' என்பார்கள். முதல் உலகப் போருக்குப் படகு ஓட்டவும் சுமை தூக்கவும் இங்கிருந்து கப்பலேறிப் போனவர்களுக்காக வைத்தது. அவர்கள் பெயர் பொறித்த கல் எப்போதோ காணாமல் போய்விட்டது என்று சொன்னார்கள். ரோட்டைப் பார்த்த முகத்தில் புதிதாக ஒரு கறுப்புக் கல் இருந்தது. அதில் ஒரே ஒரு பெயர். தேசப்பன். இந்தக் குப்பத்திலிருந்து ராணுவத்துக்குப் போய் எல்லையில் கண்ணிவெடியில் இறந்தவர்.

அதே வெடியில் இரண்டு கால்களும் போய்த் திரும்பி வந்தவர் ஏழுமலை. இருவரும் ஒரே தெரு, ஒரே பள்ளி, ஒரே நாளில் ஆளெடுப்புக்குப் போனவர்கள். நான் பார்த்தபோது ஏழுமலைக்கு ஐம்பதைத் தாண்டியிருந்தது. சக்கர நாற்காலியில் இருந்தபடி படகு இன்ஜின் பழுது பார்ப்பார். ஒவ்வொரு வருடமும் தேசப்பனின் நினைவு நாளன்று நான்கு இளைஞர்கள் அவரை நாற்காலியோடு தூக்கி, ஏழு படிகள் ஏற்றி, மாலை போட வைத்து இறக்குவார்கள். ஒரு வருடம் தூக்கியவர்களில் ஒருவன் படியில் தடுமாறி, கூட்டம் முழுக்க "ஐயோ" என்று கத்தியதாம். அதோடு அவர் மேடைக்கு வருவதை நிறுத்திவிட்டார். ரோட்டோரத்தில் நாற்காலியை நிறுத்தி, அங்கிருந்தே சல்யூட் வைத்துவிட்டுப் போவார்.

தூணைச் சுத்தம் செய்து பாதுகாக்க வேண்டும், ஏழுமலை மாதிரி ஆட்களும் ஏறுகிற மாதிரி வழி செய்ய வேண்டும். இதுதான் எங்களுக்கு வந்த உத்தரவு. நினைவு நாளுக்கு ஒரு பெரிய மனிதர் வந்து திறந்துவைப்பதாக ஏற்பாடு.

கணக்கு உங்களுக்குத் தெரியும். ஓர் அடி உயரம் ஏறப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். மூன்றரை அடிக்கு நாற்பத்திரண்டு அடி. மேடைக்கும் ரோட்டுக்கும் நடுவில் இருந்தது இருபத்தோரு அடி. சரி பாதி. மீதிக்குப் பக்கத்தில் திரும்ப வேண்டும். பக்கத்தில் மல்லிகா கருவாடு காயவைக்கும் சிமெண்ட் தளம் இருந்தது.

மல்லிகா தேசப்பனின் தங்கை. நான் டேப்போடு போய் நின்றதுமே அவருக்குப் புரிந்துவிட்டது.

"எங்கண்ணன் பேருக்குத்தான் செய்றீங்க, தெரியுது. ஆனா பவர் ஹவுஸ்காரன் குயா போட எங்க எடம், சாம்பல் கொட்ட எங்க எடம், இப்ப தூணுக்கும் எங்க எடமா? இது ஒண்டிதான் மேடம் மிச்சம் கீது. இத்தயும் குடுத்துட்டு நான் மீன எங்க கொண்டுபோயி காய வைப்பேன், உன் ஆபீஸ் மாடிலயா?"

அவர் சொன்னதில் தப்பே இல்லை. நான் அலுவலகத்துக்குத் திரும்பி மேலதிகாரியிடம் இடம் இல்லை என்றேன். அவர் கெட்டவர் இல்லை. அவருக்கு மேலிருந்தும் ஒரு நாளைக்கு நான்கு போன் வந்துகொண்டிருந்தது.

"இருக்கற எடத்துல போடுங்க மேடம். எப்படியும் பின்னாடி ஒருத்தர் தள்ளிட்டுத்தானே வரப்போறாங்க?"

"ரொம்பச் செங்குத்தா இருக்கும் சார்."

"நினைவு நாளுக்குள்ள முடியலன்னு நான் மேல சொல்லட்டுமா? உங்க பேரப் போட்டுச் சொல்லட்டுமா?"

அந்த 'உங்க பேர்' எனக்குள் எங்கே போய்த் தைத்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நானே கேட்டேன், "யாரும் டேப் வெச்சு அளக்க மாட்டாங்கல்ல சார்?" அவர் சிரித்தார். நான் இருக்கைக்குத் திரும்பி, வரைபடத்தில் பன்னிரண்டை அழித்து ஆறு என்று போட்டேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அதுதான் இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம்.

சாய்தளம் கட்டி முடிந்தது. மேஸ்திரி கோபால் இரும்பு மட்டப்பலகையால் கண்ணாடி மாதிரி தேய்த்திருந்தார். கைப்பிடிக் குழாய்கள் இன்னும் வரவில்லை. நினைவு நாளுக்கு ஆறு நாள் இருக்கும்போது மேலதிகாரி கேட்டார்: "ஏழுமலைய ஏத்தி ஒரு வீடியோ எடுத்து அனுப்புங்க. மேல காட்டணும்."

ஏழுமலை வந்தார். சுத்தமாகச் சலவை செய்த சட்டை. சாய்தளத்தைக் கீழே இருந்து கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இன்னாமா இது, ஏணி கணக்கா கீது?"

"பின்னாடி தள்ளுவாங்க அண்ணா. நீங்க சும்மா உக்காந்தா போதும்."

"சும்மா உக்காந்து போறதுக்கு அந்த நாலு பசங்களே போதுமேம்மா" என்றார். ஆனாலும் மறுக்கவில்லை. தேசப்பனின் கல்லைக் கிட்டத்தில் பார்த்து எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. தள்ளுவதற்கு மல்லிகா வந்தார். நான் மேடையின் மேல் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

காலையில் லேசாகத் தூறியிருந்தது. அனல்மின் நிலையத்துச் சாம்பல் அந்தப் பகுதியில் எதன் மேலும் படியும். ஈரத்தோடு சேர்ந்தால் அது சோப்பு மாதிரி. பாதிக்கு மேல் வந்துவிட்டார்கள். மல்லிகாவின் முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்தது. ஏழுமலை திரும்பி, "போதும் மல்லிகா, எறக்கிடு" என்றார். "இதோ வந்துட்டம்ணா" என்று மல்லிகா இன்னும் ஓர் அடி வைத்தார். செருப்பு வழுக்கியது.

நாற்காலி பின்னோக்கி ஓடியது. மல்லிகா கீழே விழுந்தும் பிடியை விடவில்லை. சக்கரம் அவர் மணிக்கட்டின் மேல் ஏறித் திரும்பியது, நாற்காலி மல்லாந்தது, ஏழுமலையின் தலை ஓரத்துச் சிமெண்ட் விளிம்பில் இடித்தது. அந்தச் சத்தம் பெரிதாக இல்லை. நான் போனைப் பிடித்தபடியே நின்றுகொண்டிருந்தேன். அது எல்லாவற்றையும் பதிவு செய்துகொண்டிருந்தது.

கோபால்தான் முதலில் ஓடினார். ஷேர் ஆட்டோவில் ஏற்றினோம். போகும் வழியில் ஏழுமலை ஒரு தடவை வாந்தி எடுத்தார். தலையில் அடிபட்டவர் வாந்தி எடுத்தால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். என் துப்பட்டாவை அவர் பின்னந்தலையில் அழுத்திப் பிடித்திருந்தேன். அது நனைய நனைய, அவரிடம் ஏதாவது பேசிக்கொண்டே வரச் சொன்னேன். அவர் ரெஜிமெண்ட் எண்ணைச் சொன்னார். திரும்பத் திரும்ப அதையே சொன்னார். மல்லிகா எதிரில் ஒரு கையை இன்னொரு கையில் ஏந்திக்கொண்டு, "அண்ணா, என் பேரு சொல்லு. என் பேரு இன்னா, சொல்லு" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

பெரியாஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்து முடிவு வரப் பிற்பகல் ஆனது. அந்த நேரம் முழுக்க நான் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மேலதிகாரி ஏழெட்டுத் தடவை அழைத்தார். கடைசியில் எடுத்தேன்.

"ரெண்டு பேருக்கும் உயிருக்கு ஒண்ணும் இல்லையே? சரி, கேளுங்க. கால் தவறி விழுந்துட்டாங்கன்னு ஒரு குறிப்பு எழுதிடுங்க. உண்மையும் அதானே? கைப்பிடிய உடனே வெச்சிடலாம். அன்னிக்குத் தள்ள நாலு பேர நிறுத்திடலாம். அந்த வீடியோவ மட்டும் அழிச்சிடுங்க."

"சரி சார்" என்றேன். அப்படித்தான் சொன்னேன். உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது?

டாக்டர் வந்து, மூளையில் ரத்தக் கசிவு இல்லை, இரண்டு நாள் வைத்துப் பார்க்க வேண்டும் என்றார். மல்லிகாவுக்கு மணிக்கட்டு எலும்பு முறிந்து, ஒன்றரை மாதத்துக்குக் கட்டு. நான் வார்டுக்குள் போய் ஏழுமலையின் கட்டில் பக்கத்தில் நின்றேன். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன்.

அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "ஒண்ணு கேக்கறேன். அந்த வீல் சேர்ல நீ ஒருவாட்டி ஒக்காந்து அதுல ஏறிப் பாத்தியா?"

"இல்லண்ணா."

"அப்ப எப்டிமா அது நல்லாகீதுன்னு கையெயுத்துப் போட்ட?"

கத்தவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிற மாதிரிதான் கேட்டார்.

மறுநாள் காலை குப்பத்துக்குப் போனேன். ஏழுமலையின் நாற்காலி அங்கேயே கிடந்தது. ஒரு கைப்பிடி வளைந்திருந்தது. கோபாலைப் பின்னால் நிற்கச் சொல்லிவிட்டு அதில் உட்கார்ந்தேன். வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். இரண்டு சக்கரங்களையும் பிடித்துத் தள்ளினேன். நான்கு அடி ஏறினேன். ஐந்தாவது அடியில் முன்சக்கரங்கள் தரையை விட்டு எழும்பின. வானம் தெரிந்தது. முதுகுக்குப் பின்னால் எதுவுமே இல்லாத மாதிரி ஒரு வெறுமை. கையை எடுத்தால் போய்விடுவேன், எடுக்காவிட்டால் இன்னும் எத்தனை நேரம் பிடிக்க முடியும்? "மேஸ்திரி, பிடிங்க, பிடிங்க" என்று கத்தினேன். அவர் பிடித்துத்தான் இருந்தார்.

அங்கேயே படியில் உட்கார்ந்து குறிப்பை எழுதினேன். சரிவு விதிப்படி இல்லை, அது எனக்குத் தெரியும், வரைபடத்தை மாற்றியது நான்தான், இது அப்படியே இருந்தால் இன்னொருவர் விழுவார், ஆகவே இடிக்கிறேன். வீடியோவையும் சேர்த்து மேலதிகாரிக்கும் அவருக்கு மேல் இருப்பவருக்கும் அனுப்பினேன். இதைத் துணிச்சல் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அனுப்பியதும் கழிப்பக்கம் ஓடிப் போய் வாந்தி எடுத்தேன். சட்டம் போட்டு மாட்டிய அந்தக் காகிதம்தான் கண் முன்னால் வந்தது. ஆனால் பின்னோக்கிச் சாய்ந்த அந்த ஒரு கணத்தின் பயத்துக்கு முன்னால் வேலை போகும் பயம் கொஞ்சம் சின்னதாகத் தெரிந்தது. அவ்வளவுதான்.

மேலதிகாரி அழைத்தார். "தடுப்பு வெச்சு மூடுனா போதும். இடிக்க யார் ஆர்டர் குடுத்தாங்க?"

"தடுப்ப எடுத்துட்டு யாராச்சும் ஏறுவாங்க சார்."

"நீங்க இடிச்சா அது உங்க பொறுப்பு."

"கட்டினதும் என் பொறுப்புதான் சார்."

மதியத்துக்குள் பிரேக்கர் மெஷின் வந்து அதை உடைத்துப் போட்டது. கோபால், தான் தேய்த்துப் பளபளப்பாக்கிய தளம் துண்டுதுண்டாவதைப் பீடி பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். நினைவு நாளுக்கு ஐந்து நாள். என் கையில் இருந்தது ஒரு கல் குவியல். ஏழுமலைக்கு வழி இல்லை.

அன்று சாயங்காலம் மல்லிகாவைப் பார்க்க அவர் வீட்டுக்குப் போனேன். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். வெட்டாமல் கிடந்த மீனைப் பக்கத்து வீட்டுப் பெண் எடுத்துப் போய்க்கொண்டிருந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினார். நின்று கேட்டேன். முடித்துவிட்டு, "ஒக்காரு" என்றார்.

"உங்க எடத்த நான் இனிமே கேக்க மாட்டேன். ஆனா ரோட்டுப் பக்கம் வேற எடமே இல்ல மல்லிகா. எனக்கு என்ன செய்யறதுன்னே தெரியல."

"ரோட்டுப் பக்கம் இன்னாத்துக்கு?" என்றார் மல்லிகா. "கார்ல வர்றவன் ரோட்டுப் பக்கம் வருவான். நாங்க எப்ப அந்த வயியா போனோம்? சின்ன வயசுல கயிப் பக்கம்தான் ஏறுவோம். நானும் எங்கண்ணனும் எறா புடிச்சிட்டு வந்து அங்க குந்திகினு இருப்போம். அந்தாண்ட ரெண்டே ரெண்டு படி இருந்துது. டைல்ஸ் போட்டு சுவரு கட்டனப்ப மூடிட்டானுங்க."

"ரெண்டு படியா? இந்தப் பக்கம் ஏழு படி இருக்கே?"

"அந்தாண்ட கரை மேடுதானே!"

நான்கு மாதம் அந்த சைட்டுக்குப் போயிருக்கிறேன். ஜீப்பில் போய் ரோட்டில் இறங்கி, ரோட்டிலேயே நின்று வேலை பார்த்துவிட்டு, ரோட்டிலேயே ஏறித் திரும்பியிருக்கிறேன். தூணுக்குப் பின்பக்கம் சீமைக்கருவேலம் மண்டி, உடைந்த பைபர் படகுகள் குவிந்து கிடந்தன. அன்று காலை வாந்தி எடுக்க ஓடியபோதுகூட ஓரமாகத்தான் போனேன். ஒரு பொறியாளர் ஒரு கட்டடத்தைச் சுற்றி ஒரு முழு வட்டம் நடக்காமலேயே வேலையை முடித்திருக்கிறார் என்று உங்களால் நம்ப முடிகிறதா? நானே நம்பவில்லை.

விடிந்ததும் ஆட்களோடு போய் முள்ளை வெட்டினோம். கரையின் மேல் சிமெண்ட் போட்ட ஒரு சந்து, மட்டமாக, நேராக வந்து தூணின் முதுகில் முடிந்தது. அந்தச் சந்தின் மறுகோடியில்தான் ஏழுமலையின் வீடு. தினமும் அதில்தான் அவர் தன் கையாலேயே நாற்காலியை உருட்டிக்கொண்டு படகுத்துறைக்குப் போவார். நான் கட்டிய சாய்தளத்துக்கு வர அவர் குப்பத்தையே சுற்றி, லாரிகளுக்கு நடுவே ரோட்டில் வர வேண்டியிருந்திருக்கிறது.

தண்ணீர் நிரப்பிய குழாயை வைத்து மட்டம் பார்த்தோம். கரையிலிருந்து மேடைக்கு ஒன்றே முக்கால் அடி. பன்னிரண்டால் பெருக்கினேன். இருபத்தோரு அடி. அதே இருபத்தோரு அடி. கரையில் அதற்கு இடம் இருந்தது. யாருடைய தளத்தையும் தொட வேண்டியதில்லை.

கோபால் கைப்பிடிச் சுவரைப் பழைய திறப்பு இருந்த அளவுக்கு மட்டும் உடைத்தார். டைல்ஸுக்குப் பின்னால் தேய்ந்த இரண்டு கருங்கல் படிகள் இருந்தன. அவற்றைத் தொடாமல் ஒரு பக்கமாகச் சாய்தளத்தைக் கொண்டுவரச் சொன்னேன். அப்போது அவர் தூணின் கழிப்பக்கத்து முகத்தைக் கையால் தடவிக்கொண்டிருந்தார்.

"மேடம், இங்க வாங்க. பெயிண்டுக்கு உள்ள இன்னாமோ பள்ளம் பள்ளமா கீது."

வருடா வருடம் யாரோ பக்தியோடு அடித்த பெயிண்ட், படலம் படலமாக நாணயக் கனத்துக்குத் தடித்திருந்தது. கரைப்பானில் நனைத்த துணியைப் போர்த்தி, ஊறவிட்டு, மூங்கில் சிராயால் எடுத்தோம். கம்பி பிரஷ்ஷைத் தொட்டவனை நான் அடிக்காத குறை. மதியம் ஒரு எழுத்து வந்தது. மாலைக்குள் ஒரு வரிசை. கன்னியப்பன். முனுசாமி. இன்னொரு கன்னியப்பன். காணாமல் போன கல் காணாமல் போகவே இல்லை. கழியைப் பார்த்துக்கொண்டு அங்கேயே இருந்தது. கப்பலில் போனவர்களுக்காகத் தண்ணீரைப் பார்த்து வைத்திருக்கிறார்கள். ரோடு அதற்கு அப்புறம் வந்தது.

ஏழுமலை ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் சுண்டிவிட்டது.

"மத்தவங்களுக்கெல்லாம் முன்னாடி வயி, எனுக்கு ஒண்டி பின்னாடி வயியா?"

வந்து பாருங்கள் என்றேன். அவர் சந்தில் உருட்டிக்கொண்டு வந்து, தூணின் பெயர்களுக்கு எதிரில் நின்றார். வாய்க்குள் படித்தார். இரண்டாவது கன்னியப்பனில் நின்றார். "எங்க தாத்தாவோட சித்தப்பா பேரு கன்னியப்பன். ஜெர்மன் சண்டைல பஸ்ராவுக்குப் போனாருன்னு சொல்லுவாங்க" என்றார். பிறகு திரும்பி, "இதான் முன்பக்கம்" என்றார்.

கான்கிரீட் போட்டால் இறுக நாள் போதாது. மண் கொட்டி, தண்ணீர் தெளித்து, திமிசுக் கட்டையால் இடித்து இறுக்கி, மேலே சொரசொரப்பான பேவர் பிளாக் கற்கள் பதித்தோம். மூன்று நாளும் வானத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு நல்ல மழை வந்தால் அத்தனையும் கழிக்குள் போயிருக்கும். வரவில்லை. இந்தத் தடவை ஒவ்வொரு நாள் மாலையும் ஏழுமலையிடம் அந்த வளைந்த கைப்பிடி நாற்காலியை இரவல் வாங்கி நானே உட்கார்ந்து ஏறிப் பார்த்தேன். மூச்சு வாங்கியது. ஆனால் ஏற முடிந்தது.

நினைவு நாள். பெரிய மனிதர் ரோட்டில் வந்து இறங்கி, ஏழு படி ஏறி, கறுப்புக் கல்லுக்கு மாலை போட்டார். அந்தப் பக்கம் மைக், கேமரா, கூட்டம். இந்தப் பக்கம் நான், மல்லிகா, கோபால். சந்தில் ஏழுமலை வந்துகொண்டிருந்தார். சட்டையில் பதக்கங்கள். என் கைகள் தாமாகவே அவர் நாற்காலியின் பின்னால் போயின.

"கைய எடு" என்றார்.

எடுத்தேன். அவர் ஏறினார். பாதியில் நின்று மூச்சு விட்டார். கைத் தசைகள் இறுகுவது சட்டைக்கு மேலேயே தெரிந்தது. மல்லிகா என் தோளை நகம் பதியப் பற்றியிருந்தார். ஏழுமலை மீண்டும் சக்கரங்களைத் தள்ளினார். மேடைக்கு ஏறிவிட்டார். நான் மூச்சு விட்டேன்.

தூணைச் சுற்றிக்கொண்டு தேசப்பனின் கல்லுக்குப் போகத் திரும்பினார். நாற்காலி நின்றுவிட்டது. தூணின் அடிப்பீடத்துக்கும் டைல்ஸ் பதித்த கைப்பிடிச் சுவருக்கும் நடுவில் இருந்த இடம் நாற்காலியின் அகலத்தை விட நான்கு விரல்கடை குறைவு. தூணின் மறுபக்க இடைவெளியும் அப்படியே. மேடை வரை வருவதை நான் அளந்தேன். மேடையின் மேல் அவர் எங்கே போக விரும்புவார் என்பதை அளக்கவில்லை. தினமும் மேலே ஏறி, ஏறியாயிற்று என்ற நிம்மதியில் அங்கிருந்தே இறங்கியிருக்கிறேன்.

தூணுக்கு அந்தப் பக்கம் கைதட்டல் கேட்டது. இந்தப் பக்கம் அவர் சக்கரத்தை முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்தார். சுவரில் உலோகம் உரசும் சத்தம். எனக்குத் தரைக்குள் போய்விடலாம் போல இருந்தது.

"எத்தினி கம்மி?" என்றார்.

"நாலு விரக்கடை அண்ணா."

"இந்தச் செவுரு பயசா?"

"இல்லண்ணா. டைல்ஸ் போட்டப்போ கட்டினது."

"நாளிக்கு எடுத்துடுவியா?"

"எடுத்துடறேன்."

"அப்ப நாளிக்கு வரேன்" என்றார். தொலைவில் கேமராக்காரர் ஒருவர் அவரைப் பார்த்துவிட்டு இந்தப் பக்கம் ஓடி வருவதற்குள், அவர் பிரேக்கை மெதுவாக விட்டு விட்டுப் பிடித்து, தானே கீழே இறங்கி, சந்தில் போய்விட்டார்.

மறுநாள் காலையிலேயே கோபாலும் நானும் இரண்டு பக்கத்துச் சுவரையும் எடுத்துவிட்டு, வெளியே தள்ளிக் குழாய்க் கைப்பிடி வைத்தோம். இதற்கும் உத்தரவு வாங்கவில்லை. எனக்கு ஏற்கெனவே சார்ஜ் மெமோ வந்துவிட்டிருந்தது. விசாரணை ஒரு வருடம் நடந்தது. வேலை போகவில்லை. வரவேண்டிய பதவி உயர்வு வரவில்லை, வராமலே ஓய்வு பெற்றேன். அந்த ஒரு வருடம் தபால்காரரைப் பார்த்தாலே நான் உள்ளறைக்குப் போய்விடுவேன். நேர்மையாக எழுதிக்கொடுத்தால் மனம் லேசாகிவிடும் என்று உங்களிடம் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆகாது. ஆனாலும் எழுதிக்கொடுங்கள்.

பதினோரு மணி வாக்கில் ஏழுமலை வந்தார். பதக்கம் இல்லை. இன்ஜின் எண்ணெய் படிந்த வேலைச் சட்டை. ஏறினார், திரும்பினார். நாற்காலி உள்ளே போனது. "எல்லாம் கீய போங்க" என்றார். மல்லிகாவையும் சேர்த்துத்தான். நாங்கள் மூவரும் இறங்கிப் போய்ப் படகு ஓரமாக நின்றோம்.

வெகு நேரம் ஆனது. ரோட்டில் லாரிகள் போயின. நான் இரண்டு தடவை மேலே போகக் கிளம்பினேன், இரண்டு தடவையும் மல்லிகா கட்டுப் போடாத கையால் என்னைப் பிடித்து நிறுத்தினார். "எங்கண்ணனாண்ட பேசிகினு கீறாரு. உடு" என்றார்.

பிறகு சக்கரச் சத்தம் கேட்டது. ஏழுமலை தன் போக்கில் இறங்கி வந்து எங்கள் முன்னால் நின்றார். கண்கள் சிவந்திருந்தன. அவர் புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"அந்தக் கைப்பிடிக் கொயா ஒசரமா கீதும்மா. ஒக்காந்துகினு புடிக்கறவனுக்கு எட்டல. அரை சாண் எறக்கு."

நான் பையிலிருந்து டேப்பை எடுத்துக்கொண்டு, அவர் பின்னாலேயே மேலே ஏறினேன்.